கம்பிரியாவில் ஆட்டுக்குக் கொடுத்த விலை



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு நடத்த ஒரு வரலாற்றுச் செய்தியை எடுத்துக்கொண்டேன். 2001-ஆம் ஆண்டில் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியது. நோய் உறுதிசெய்யப்பட்ட 2,026 இடங்களில் 893, இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பிரியா மாவட்டத்தில் இருந்தன. ஏறத்தாழ 44 விழுக்காடு. விடையைச் சரியாகச் சொன்ன மாணவி ஒருத்தி, "ஆடு மாட்டுக்கெல்லாம் அரசாங்கம் பணம் கொடுத்துவிட்டதே, ஐயா! பிறகு ஏன் அவர்கள் அழுதார்கள்?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பின்னர்த் தேடிப் படித்ததை இங்கு எழுதுகிறேன்.

இத்தகைய இழப்பீடு பிரிட்டனுக்குப் புதிதன்று. வெக்கை நோய் மாடுகளை வாரிச் சென்றபோது 1866-இல் ஒரு சட்டம் வந்தது. நோயுற்ற மாட்டைக் கொன்றால் பாதி விலை. நோய்த்தொற்றைத் தடுக்க நல்ல மாட்டைக் கொன்றால் முக்கால் விலை. நோயை மறைக்காமல் முன்கூட்டியே சொல்பவனுக்கே ஆதாயம். மாடு குறைந்தால் விலை ஏறும், மக்கள் விலையாகவும் வரியாகவும் இருமுறை கொடுக்க நேரும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் வாதிட்டார்.

2001-இல் முழு விலையும் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில், விலை மதிப்பிடுபவருக்கு அம்மதிப்பில் ஒரு விழுக்காடு கட்டணம். நாளொன்றுக்கு 1,500 பவுண்டு உச்சவரம்பு. மதிப்பு உயர்ந்தால் அவர் கூலியும் உயரும்! வேலையை விரைவுபடுத்த மார்ச் 22-இல் அரசு ஒரு நிலையான விலைப்பட்டியலை வெளியிட்டது. அதுவும் தாராளமாகவே அமைந்தது. விரும்பினால் தனி மதிப்பீடும் கேட்கலாம் என்றதால், பட்டியல் விலையே அடிமட்ட விலையாகிவிட்டது. ஜூலை இறுதியில் அதை விலக்கிக்கொண்டனர். கொல்லப்பட்ட கால்நடைகளுக்காக நாடு முழுவதும் 1 பில்லியன் பவுண்டுக்கு மேல் செலவாயிற்று.

ஆனால் அப்பணம் இறந்த விலங்குக்கு மட்டுமே உரியது. பக்கத்துப் பண்ணையில் மந்தை உயிரோடு இருந்தால் அதற்கு இழப்பீடில்லை. அதை விற்கவும் முடியாது; வேறு மேய்ச்சலுக்கு ஓட்டவும் முடியாது. ஈனும் பருவத்தில் ஆடுகள் சேற்றிலேயே குட்டி போட்டன. தீவனச் செலவு உழவனுடையது. அவ்வாறு தவித்த விலங்குகளை அரசே பெற்றுக் கொல்ல ஒரு திட்டம் வந்தது. அதன் விலை மிகுதியாக இருந்ததால் விண்ணப்பங்கள் குவிந்தன, பின்னர் விலையைக் குறைத்தனர். நடைபாதைகள் மூடப்பட்டதால் விருந்தினரை இழந்த விடுதிக்காரர்களின் நிலை இன்னும் மோசம்.

மாணவியின் கேள்விக்கு நான் கண்ட பதில் ஹெர்ட்விக் ஆடுகளில் இருக்கிறது. கம்பிரியாவின் மலைகளில் வேலியின்றி மேயும் இனம் அது. எந்தச் சரிவு தன்னுடையது, எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் குட்டி தாயோடு நடந்தே கற்றுக்கொள்கிறது. இப்படியே தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. குளிர்காலத்தில் இளம் ஆடுகளைத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்புவது வழக்கம். அவ்வாண்டு அங்கே சென்றவற்றுள் பல திரும்பவில்லை.

ஆட்டின் விலைக்குப் பட்டியல் உண்டு. அது அறிந்திருந்த மலைக்கு எந்தப் பட்டியலில் விலை போடுவது? பணத்தைக் கொண்டு புதிய ஆடுகளை வாங்கியவர்கள், அவை அந்த மலையை அறியாததால், தற்காலிக வேலி கட்டியும் கூடவே நடந்து மேய்த்தும் எல்லையைப் பழக்க வேண்டியிருந்தது. அதை அந்த மாணவியிடம் அடுத்த வாரம் சொன்னேன். "அப்படியென்றால் அந்த ஆடுகளும் பள்ளிக்குப் போக வேண்டும், ஐயா" என்றாள்.