துப்பாக்கியும் கலப்பையும்: வட அமெரிக்க வாத்துப் பாதுகாப்பில் கூட்டாண்மை உருவான வரலாறு

வட அமெரிக்காவில் காட்டுப் பறவைகளைக் காக்கும் முயற்சி, வேட்டையைக் கட்டுப்படுத்தும் சட்டமாகவே முதலில் வலுப்பெற்றது. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களில் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளுக்காக உடன்படிக்கை செய்துகொண்டன. ஆயினும் 1930களின் கடும் வறட்சியில் வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தது.

வறட்சிக்கு அப்பால் ஆழமான காரணம் நிலத்தில் இருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா முதல் அமெரிக்காவின் டகோட்டா மாநிலங்கள் வரை விரியும் புல்வெளியில், பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற குட்டைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. கண்டத்து வாத்துகளில் பெரும்பகுதி குஞ்சு பொரிப்பது இங்கேதான். இவற்றில் பெரும்பாலானவை கோதுமை விவசாயிகளின் சொந்த நிலத்துக்கு நடுவே கிடக்கின்றன. துப்பாக்கியைத் தடுத்த உடன்படிக்கையால், குட்டையை வடித்து உழும் கலப்பையைத் தடுக்க முடியவில்லை. நல்லெண்ணத்தைவிட இந்த நிலவுடைமையே அரசையும் வேட்டைக்காரரையும் விவசாயியையும் ஒன்றாக உட்காரவைத்தது என்பதே என் முடிபு.

முதலில் பணம் வந்தது வேட்டைக்காரர்களிடமிருந்துதான். 1934 முதல் அமெரிக்காவில் வாத்து சுடுவோர் ஒரு டாலர் கொடுத்து முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அத்தொகை நீர்ப்பறவைகளின் வாழிடத்துக்குச் சென்றது. முதல் முத்திரையை வரைந்த கேலிச்சித்திரக்காரர் ஜே நார்வுட் டார்லிங், அப்போது அமெரிக்க அரசின் உயிரியல் அளவைத் துறைக்கும் தலைவர். 1937இல் தோன்றிய டக்ஸ் அன்லிமிடெட் அமைப்பு, அமெரிக்க நன்கொடையை எல்லை தாண்டிக் கனடாவின் சதுப்புகளுக்குக் கொண்டுசென்றது. சுடுபவரே காப்பவராகவும் இருந்தது நம்மில் பலருக்கு உறுத்தலாம். அதை மறைத்து இவ்வரலாற்றை எழுத முடியாது.

1980களின் வறட்சி அடுத்த திருப்பம். 1986இல் கனடாவும் அமெரிக்காவும் வட அமெரிக்க நீர்ப்பறவை மேலாண்மைத் திட்டத்தில் கையெழுத்திட்டன. 1994இல் மெக்சிகோவும் சேர்ந்தது. வட்டாரந்தோறும் அரசுத் துறைகள், தொண்டு அமைப்புகள், நில உரிமையாளர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டுக் குழுக்கள் அமைந்தன. 1989ஆம் ஆண்டின் அமெரிக்கச் சதுப்புநிலச் சட்டம், பங்காளிகள் ஒரு டாலர் திரட்டினால்தான் மத்திய அரசு ஒரு டாலர் தரும் என்று வகுத்தது. கூட்டாண்மைக்கு முதுகெலும்பு கொடுத்தது இந்த விதிதான்.

கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நல்ல சான்று. அங்கே இயற்கைச் சதுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. நெல் விவசாயிகள் அறுவடைக்குப் பின் வைக்கோலை வயலிலேயே கொளுத்திவந்தார்கள். காற்று மாசைக் குறைக்க 1991இல் மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தியதும், தாள் மட்குவதற்காகக் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டத் தொடங்கினார்கள். வாத்துகள் வந்து சிந்திய நெல்லைத் தின்றன. அவற்றின் கால் மிதியில் தாளும் விரைவாக மட்கியது. அங்குள்ள கூட்டுக் குழு இவ்வயல்களையும் வாழிடமாகவே கணக்கில் கொள்கிறது.

2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, 1970க்குப் பின் அமெரிக்காவும் கனடாவும் சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்ததாகக் கணக்கிட்டது. வாத்தும் அன்னமும் சேர்ந்த நீர்ப்பறவைக் கூட்டமோ பெருகியிருந்தது. புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்திருந்தன. 1999 முதல் எல்லாப் பறவைகளையும் தம் பொறுப்பில் கொள்ளக் கூட்டுக் குழுக்கள் முனைந்தும், வாத்துக்குக் கிடைத்ததுபோன்ற நிலையான நிதி புல்வெளிப் பறவைகளுக்கு அமையவில்லை.