சாரல் நாட்டில் நெகட்டிவ் காப்பு: மேலகரத்தை முன்வைத்து

1. களம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்டது மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். தென்மேற்குப் பருவத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் காற்று இங்கே சாரலாகி விழுகிறது. பயிருக்கும் அருவிக்கும் வரமான இந்த ஈரந்தான், இப்பகுதிப் பரண்களில் கிடக்கும் ஸ்டூடியோ நெகட்டிவ்களுக்கு எமன்.

2. பொருளும் நோயும்

கண்ணாடியோ பிலிமோ, படத்தைத் தாங்குவது ஜெலட்டின் பூச்சு. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் அது பூஞ்சைக்கு இரையாகிவிடும். அசிடேட் பிலிமுக்கு இன்னொரு நோயும் உண்டு: காடி வாடை அடித்து, சுருங்கி, நெளிந்து போகும். வெப்பமும் ஈரமும் மிகுந்த கிடங்கில் இருந்த பிலிம்களில் இக்கேடு தெரிவதாக இந்திய அரசிடமிருந்து கோடாக் நிறுவனத்துக்கு முறையீடு போனது. இது பற்றிய முதல் தகவலாகச் சொல்லப்படுவது அதுவே. 21 பாகை வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம் என்ற நிலையிலேயே புதிய அசிடேட்டுக்கு நோய் தொடங்கச் சுமார் 40 ஆண்டு என்பது ராச்செஸ்டர் ஆய்வாளர்களின் கணிப்பு. நம் ஊர் வெக்கையில் அவ்வளவு தாங்காது. வெளியேறும் அமில ஆவி நோயை மேலும் முடுக்கும். ஆகவே இறுக மூடிய தகர டப்பா காவல் அல்ல, கேடு.

3. வரிசை

கட்டுரையின் மையம் நெகட்டிவ்களின் எண்வரிசையே. ஸ்டூடியோக்காரர் பில் எண்ணைக் கவரில் எழுதி, அதே எண்ணைப் பேரேட்டில் பதிந்தார். கல்யாணம், குழந்தை, குடும்பம் என்று பிரித்து அடுக்கும் ஆசை இயல்பானது. ஆனால் அந்த எண்வரிசையைக் கலைத்தால் வரலாறே கலைந்துவிடும். தேதியில்லாத படத்தின் காலத்தை முன்பின் எண்கள் சொல்லும். ஒரே திரை, ஒரே நாற்காலி, ஒரே இரவல் கோட்டு அடுத்தடுத்த குடும்பங்களில் திரும்பி வருவதும் வரிசை கலையாதிருந்தால்தான் தெரியும்.

காடி வாடை வந்ததைப் பிரித்தே ஆக வேண்டும். எடுத்த இடத்தில், எண்ணும் புதிய இருப்பிடமும் குறித்த அட்டையை வைத்தால் போதும், வரிசை குலையாது. 35 மி.மீ. பிலிமை ஆறு ஆறு படமாகவே விட வேண்டும். தனித்தனியாக வெட்டக் கூடாது.

பழைய நெகட்டிவைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், முகம் இருக்கும் இடத்தில் நுண்ணிய பென்சில் கோடுகள் மினுங்கும். அம்மைத் தழும்பையும் கண்ணடிச் சுருக்கத்தையும் மறைக்க டச்சிங் செய்தவரின் கைவேலை அது. அழுக்கென்று நினைத்து நீரில் கழுவினால் அந்தக் கலைஞர் இருந்ததற்கான ஒரே தடயமும் போய்விடும்.

4. வைப்பு

பட்டர் பேப்பர் கவர் ஈரத்தில் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள், ரப்பர் பேண்டு, பி.வி.சி. உறை, அந்துருண்டை எதுவும் ஆகாது. அமிலமற்ற தாளுறையே இங்கு ஏற்றது. எண்ணை முதலில் பென்சிலால் எழுதிவிட்டே நெகட்டிவை உள்ளே இட வேண்டும். கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நீளவாட்டில் நிமிர்த்தி வைப்பது முறை. பரணை விடவும் தரையை விடவும் வீட்டின் நடு அறை நல்லது. பெட்டிகளைச் சாரல் காலத்தில் திறவாமல், காய்ந்த மாசியில் திறந்து பார்க்கலாம்.

5. கைமாற்றம்

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு மின்னுருவாக்கியுள்ளனர். அத்தகைய கைகளுக்குப் போய்ச் சேராதவற்றில் பல வெள்ளிக்காக அழிக்கப்படுகின்றன. பெட்டியைக் கேட்டு வாங்குவோர் பேரேட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடை காலியாகும் நாளில் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போவது அதுதான்.