சுகவீன விடுப்பு: வேலைக்குக் காப்பு உண்டு, ஊதியத்துக்கு இல்லை

கனடாவின் டொரண்டோ மாநகரில், ஸ்கார்பரோவின் வடபகுதியில் அமைந்துள்ள அஜின்கோர்ட், இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதிகளில் ஒன்று. அங்கு ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வங்கி ஊழியர். மற்றவர் தொழிற்சாலையில் பொதி கட்டுபவர். இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டால், வங்கி ஊழியருக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமே உறுதி செய்கிறது. தொழிற்சாலை ஊழியருக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் அதிகாரப் பங்கீடு. வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற துறைகள் மத்திய அரசின் தொழிற்சட்டத்தின் கீழ் வருகின்றன. அத்துறைகளில் 2022 டிசம்பர் முதல் ஆண்டுக்கு 10 நாட்கள் வரை ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு பெறலாம். கடை, உணவகம், தொழிற்சாலை, கிடங்கு ஆகியவற்றில் பணிபுரியும் பெரும்பான்மையோரோ ஒன்டாரியோ மாகாணத்தின் வேலைவாய்ப்புத் தராதரச் சட்டத்தின் கீழ் வருகின்றனர். அச்சட்டம் அளிப்பது ஆண்டுக்கு 3 நாட்கள், அதுவும் ஊதியமின்றி. பணியில் சேர்ந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தால் இந்த உரிமை கிடைக்கிறது.

இலங்கையில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், சுகவீனம் உள்ளிட்ட காரணங்களுக்காக ஆண்டுக்கு 7 நாட்கள் வரை ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. அதாவது, யாழ்ப்பாணத்தில் ஒரு கடை ஊழியருக்கு உள்ள இந்த உரிமை, அஜின்கோர்ட்டில் அதே வேலையைச் செய்பவருக்கு இல்லை.

கூடியும் குறைந்தும் வந்த உரிமை

2003இல் டொரண்டோவில் சார்ஸ் நோய் பரவியபோது, முதலில் பாதிக்கப்பட்ட மருத்துவமனை அஜின்கோர்ட்டுக்கு அருகிலுள்ள ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனை. அந்நோயால் கனடாவில் 44 பேர் உயிரிழந்தனர். அப்போது ஊதியமற்ற 10 நாள் அவசர விடுப்பு, 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தியது. எனவே நோயுற்றோரும் தனிமைப்படுத்தப்பட்டோரும் வேலையை இழக்காதிருக்க, அவ்வாண்டே தனிச் சட்டம் ஒன்று இயற்ற வேண்டியதாயிற்று.

2018இல் எல்லா நிறுவனங்களுக்கும் 10 நாள் விடுப்பு விரிவாக்கப்பட்டு, முதல் 2 நாட்களுக்கு ஊதியமும் வழங்கப்பட்டது. ஆட்சி மாறியதும், 2019 ஜனவரியில் அந்த ஊதியம் நீக்கப்பட்டு, சுகவீன விடுப்பு 3 நாட்களாகச் சுருங்கியது. கோவிட் காலத்தில், 2021 ஏப்ரலில் கொண்டுவரப்பட்ட 3 நாள் ஊதிய விடுப்பும் 2023 மார்ச் இறுதியுடன் முடிவுக்கு வந்தது.

வேலை பறிபோகுமா?

சட்டப்படியான விடுப்பை எடுத்தமைக்காகவோ, எடுக்க விரும்பியமைக்காகவோ ஒருவரைப் பணிநீக்கம் செய்வது, வேலை நேரத்தைக் குறைப்பது, அச்சுறுத்துவது ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. விடுப்பு முடிந்ததும் அவருக்குப் பழைய வேலையோ, அது இல்லாவிடில் அதற்கு ஒப்பான வேலையோ தரப்பட வேண்டும். பழிவாங்கல் நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை வழங்குபவரையே சாரும். எனினும், விடுப்புடன் தொடர்பற்ற காரணங்களுக்காக மட்டுமே பணி முடிவுக்கு வந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

2024 அக்டோபர் 28 முதல், இந்த 3 நாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்க வேலை வழங்குபவருக்கு அதிகாரமில்லை. ஆனால் நியாயமான வேறு ஆதாரத்தைக் கோரலாம்.

நீண்டகால நோயைப் பொறுத்தவரை சட்டத்தில் பெரிய இடைவெளி ஒன்று நிலவிவந்தது. மத்திய அரசின் வேலைவாய்ப்புக் காப்பீடு, 600 மணிநேரம் காப்பீட்டுடன் உழைத்த ஒருவருக்குச் சராசரி ஊதியத்தில் 55 சதவீதத்தை ஓர் உச்சவரம்புக்குட்பட்டு வழங்குகிறது. 2022 டிசம்பரில் அதன் காலம் 15 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் பணம் வந்துகொண்டிருக்கும்போதே வேலை பறிபோகக்கூடிய நிலை இருந்தது. 2025 ஜூன் 19 முதல் நடைமுறைக்கு வந்த நீண்டகால நோய் விடுப்பு அதை ஓரளவு சரிசெய்தது. 13 வாரங்கள் பணிபுரிந்த ஒருவர், கடுமையான நோய்க்கு மருத்துவச் சான்றுடன் 27 வாரங்கள் வரை ஊதியமின்றி விடுப்பெடுக்கலாம்.

இதற்கு அப்பால், நோய் உடற்குறைபாடாகக் கருதப்படும் அளவுக்குக் கடுமையானால், ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் துணைக்கு வருகிறது. தமக்கு மிதமிஞ்சிய இடர் ஏற்படாத எல்லை வரை, ஊழியரின் நிலைக்கேற்ப வேலையை மாற்றியமைத்துத் தருவது வேலை வழங்குபவரின் கடமை. சாதாரணத் தடிமனுக்கு இது பொருந்தாது.

எழுத்தில் இருக்கட்டும்

முகவர் நிறுவனங்கள் வழியாக வேலைக்குச் செல்வோரையும் இச்சட்டம் காக்கிறது. ஆனால் அவர்களைப் பொறுத்தவரை பணிநீக்கக் கடிதம் வருவதில்லை; மறுவாரம் அழைப்பு வருவதில்லை, அவ்வளவே. இதைப் பழிவாங்கல் என்று காட்டுவதற்கு, சுகவீனம் பற்றி எப்போது, யாரிடம் அறிவித்தோம் என்பது எழுத்தில் இருப்பது பெரிதும் உதவும். ஒரு குறுஞ்செய்தியும் போதுமானது. மாகாணத் தொழில் அமைச்சிடம் முறையிட 2 ஆண்டுகளும், மனித உரிமைத் தீர்ப்பாயத்தை அணுக ஓர் ஆண்டும் அவகாசம் உண்டு.

ஆயினும், வாடகைக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் அன்றாட ஊதியத்தை நம்பியிருப்பவர், வேலை பறிபோகாது என்று தெரிந்தாலும் காய்ச்சலுடன் பணிக்குச் செல்லவே முற்படுவார். அவருக்கு அருகில் நின்று வேலை செய்பவரும் அந்தக் காய்ச்சலைச் சுமக்க நேரிடுகிறது. இருபது ஆண்டுகளில் இரண்டு பெருந்தொற்றுகளைக் கண்ட ஒரு நகரில் ஊதியம் பற்றிய கேள்வி இன்னும் தீர்க்கப்படவில்லை.