பிரசங்கம் இல்லாத வளவு: மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

1990 ஆம் ஆண்டின் ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். அடுத்த பத்து நாட்களுக்குள் ஏறாவூர். செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராதவர்கள். 9 இல் சத்துருக்கொண்டான். இவற்றுக்கிடையே ஓகஸ்ட் 15 அன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், கூடச் சென்ற தமிழ் இளைஞருடன் காணாமற்போனார்.

அந்த மாதங்களில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் பாடசாலை போகும் வயதுக்கு வந்தபோது, 1996 இல், அதே இயேசு சபையினரின் காணியொன்றில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா திறக்கப்பட்டது. உளவளத்துணையில் பயிற்சி பெற்ற இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இதன் பின்னால் நின்றவர்கள். ஹோகன் அதற்கு முன் ரொறன்ரோவில், உடற்குறைபாடுள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண்ணிலும் வர்ணத்திலும் விளையாடும் தோட்டமொன்றில் பணியாற்றியவர். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் சமாதானக் கல்வி நிலையமும் துணை நின்றது.

நடைமுறை எளிமையானது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகள். தமிழ்க் கிராமத்திலிருந்தும் முஸ்லிம் கிராமத்திலிருந்தும் பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். வாரம் ஒரு நாள், கிட்டத்தட்ட ஒன்பது மாதங்கள். வந்ததும் யாரும் பிள்ளையை இருத்தி வைத்து "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்பதில்லை. களிமண் இருக்கும், வர்ணம் இருக்கும், முகமூடி செய்யலாம், செடி நடலாம், ஒன்றும் செய்யாமல் மரத்தடியிலும் இருக்கலாம். காயப்பட்ட பிராணிகளைப் பராமரிக்க ஓரிடமும் இருந்தது. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, கால் முறிந்த பறவையொன்றுக்குக் கட்டுப் போடுவதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் அன்றைக்கு வேறு கேள்வி எதற்கு?

பேச்சு பின்னால் வரும், பெரும்பாலும் கதையாக வரும். ஒருவர் தொடங்கிய கதையை மற்றவர் வளர்ப்பார். அதில் பேயும் வரும், எரிந்த வீடும் வரும். தன் சொந்த அனுபவத்தைத் தன் பெயரில் சொல்ல முடியாத பிள்ளை, கதையில் வரும் ஒரு யானைக்கு நடந்ததாக அதைச் சொல்லிவிடும். சுற்றின் முடிவில் அந்தக் கதைகள் நாடகமாகும். மனவடு ஏற்பட்ட பிள்ளையின் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கும். திடீர்ச் சத்தத்துக்கு உறைந்து போகும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் அதே நாளில் அதே வளவு, அதே முகங்கள் என்பதே மருந்தின் பாதி. பிள்ளைகளுடன் இருந்த இளைஞர், யுவதிகளும் இரு சமூகங்களிலிருந்தும் வந்தவர்கள், அதே போரைக் கண்டவர்கள். குழந்தைகளிடம் போவதற்கு முன் தங்கள் சொந்தக் காயத்தோடு முகங்கொடுக்க வேண்டியிருந்தது அவர்களுக்கும்.

காணி சபையினுடையது, பொறுப்பில் ஒரு குரு. ஆனாலும் அங்கே வேதாகம வகுப்பு நடக்கவில்லை. உதவியோடு மதமும் வரும் என்ற அச்சம் எங்கள் கிராமங்களில் காரணமில்லாமல் உருவானதல்ல. பிள்ளையை இந்துவாகவோ முஸ்லிமாகவோ வந்தபடியே மாலையில் வீட்டுக்கு அனுப்பியதால்தான் ஏறாவூரில் உறவை இழந்த தாயும் தன் பிள்ளையை அந்த பஸ்ஸில் ஏற்ற முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

"மாலையில் வீட்டுக்கு" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் வடக்கு கிழக்கில் ஆலயங்களும் சபைகளும் சிறுவர் இல்லங்களைத் திறந்தன. பல பிள்ளைகளுக்கு அவை உயிர் காத்த இடங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் இலங்கையில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுவது அநேகமாக வறுமை. புலம்பெயர்ந்த உறவுகள் இல்லத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தத் தாயின் வருமானத்துக்குப் போனால் பிள்ளை அவளுடனேயே வளரும். பெயர்ப்பலகை வைக்க இடமிருக்காது, அவ்வளவுதான்.

பூங்காவைப் புனிதமாக்கவும் கூடாது. ஒரு தடவைக்கு ஐம்பது பிள்ளைகள் என்பது மாவட்டத்தின் தேவைக்கு முன் மிகச் சிறியது. வளவுக்கு வெளியே சுற்றிவளைப்பும் ஆட்சேர்ப்பும் தொடர்ந்தன. 2004 டிசெம்பரில் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற சிறுவர்களும் இருந்தனர். அன்றைய பூங்காப் பிள்ளைகள் அப்போது தாங்களே பெற்றோராகும் வயதில் இருந்தார்கள். அவர்கள் என் வயதுக்காரர்கள்.

உங்கள் பிள்ளை இரவில் அலறி எழுந்தால், விளையாட்டை விட்டு ஒதுங்கினால், வயதுக்கு மீறிப் படுக்கை நனைத்தால், அது வாரக்கணக்கில் நீடித்தால், பேய்க்குப் பார்ப்பதோடு நிறுத்தாமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் கூட்டிச் செல்லுங்கள். தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. சிறுவர் துன்புறுத்தல் பற்றி முறையிட 1929.