நாட்செஸ் நகரின் மாளிகை உலாக்களும் அருங்காட்சியகங்களும்

நாட்செஸ், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஆற்றங்கரை மேட்டில் அமைந்த சிறு நகரம். நாட்செஸ் பழங்குடியினரின் நிலத்தில் 1716இல் பிரெஞ்சுக்காரர் ரோசலி கோட்டையைக் கட்டினர். 1729இல் பழங்குடியினர் அதைத் தாக்கினர். அடுத்துவந்த போரில் சிதறிப்போயினர். அவர்களது பேரூரின் மண்மேடுகள் இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் களம். பிரிட்டிஷ், ஸ்பானிய ஆட்சிகளுக்குப் பின் 1798இல் நகர் அமெரிக்கர் வசமானது. பருத்தியும் அடிமை உழைப்பும் ஈட்டிய பணத்தில் மாளிகைகள் எழுந்தன. உள்நாட்டுப் போரில் 1863இல் வடமாநிலப் படை நகரில் நிலைகொண்டது. பெரும் சண்டை நடவாததால் மாளிகைகள் பலவும் தப்பின.

இம்மாளிகைகளைப் பொதுமக்கள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் வழக்கம் 1932இல் ‘பில்கிரிமேஜ்’ என்ற வசந்தகால உலாவாகத் தொடங்கியது. முந்தைய ஆண்டு தோட்டக் கழக மாநாட்டின்போது கடும்பனியில் பூக்கள் கருகவே, விருந்தினருக்கு வீடுகளைத் திறந்து காட்டியதில் இவ்வெண்ணம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. தோட்டக் கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் கிராஃப்டன் மில்லரை இதன் தாயாகக் கருதுவோர் பலர். கூட்டு முயற்சி என்போரும் உண்டு. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஒழுகும் கூரைகளைச் செப்பனிட இவ்வருவாய் உதவியது. குடைபோல் விரிந்த பாவாடை அணிந்த பெண்கள் அறை அறையாக அழைத்துச் சென்று வீட்டுக் கதை சொல்வர். வருவாயைப் பங்கிடுவதில் மூண்ட பூசலால் 1930களின் நடுவில் உலாவை நடத்திய தோட்டக் கழகம் இரண்டாகப் பிளந்தது. பின்னர் இரண்டும் உடன்பாட்டுக்கு வந்தன. பிளவில் உருவான பில்கிரிமேஜ் தோட்டக் கழகம் 1938இல் ஸ்டான்டன் ஹால் மாளிகையையும் 1970இல் லாங்வுட் மாளிகையையும் பெற்றது. எண்கோண வடிவ லாங்வுட்டின் கட்டுமானம் 1861இல் போர் மூண்டதும் நின்றது. திட்டமிட்ட 32 அறைகளில் கீழ்த்தளத்தின் ஒன்பது மட்டுமே முடிந்தன. உரிமையாளர் ஹாலர் நட் 1864இல் இறந்தார். மேல்தளங்கள் பூச்சின்றி வெறும் செங்கலும் மரச் சட்டமுமாக நிற்கின்றன. தச்சர் விட்டுச்சென்ற கருவிகளையும் அங்கே காணலாம்.

இவ்வுலாக்களில் அடிமைகளின் வரலாறு நெடுங்காலம் அரிதாகவே பேசப்பட்டது. ஆனால் அவ்வரலாற்றைச் சொல்லும் சான்றுகளும் இடங்களும் நகரில் உண்டு. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற முடிதிருத்துநர் வில்லியம் ஜான்சன் 1835 முதல் 1851இல் கொல்லப்படும்வரை நாட்குறிப்பு எழுதினார். வாடிக்கையாளர், குதிரைப் பந்தயம், ஊர்ச் சண்டைகள் எல்லாம் அதில் உண்டு. அவரும் அடிமைகளை வைத்திருந்தவரே. 1951இல் அந்நாட்குறிப்பு நூலானது. அவரது வீடும் மெல்ரோஸ் மாளிகையும் 1988இல் நிறுவப்பட்ட நாட்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்காவைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்கெனத் தனி அருங்காட்சியகமும் நகரில் உண்டு. 1863 வரை இயங்கிய ‘ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு’ அடிமைச் சந்தையின் நிலம் 2021இல் பூங்காவுடன் இணைக்கப்பட்டது.