சார்லி கார்ட் வழக்கு

சார்லி கார்ட் வழக்கு என்பது, குணப்படுத்த இயலாத நோயுற்ற கைக்குழந்தையின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவது பற்றி 2017இல் இங்கிலாந்தில் மருத்துவமனைக்கும் பெற்றோருக்கும் இடையே நடந்த வழக்கு. 2016 ஆகஸ்டில் பிறந்த சார்லிக்கு மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. குறைந்துபோகும் அரிய மரபணு நோய். தசைகள் தளர்ந்தன, மூளையும் பாதிக்கப்பட்டது. அந்த அக்டோபர் முதல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் வென்டிலேட்டரே மூச்சைத் தாங்கியது.

அமெரிக்க மருத்துவர் ஒருவர் நியூக்ளியோசைடு சிகிச்சை தர முன்வந்தார். சார்லிக்கு இருந்த வகை நோயில் அது அதுவரை யாருக்கும் தரப்பட்டதில்லை. அதற்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். பணம் சேர்ந்தும் மகனை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்ல முடியாமற்போனதுதான் இவ்வழக்கின் பெருந்துயரம். இங்கிலாந்துச் சட்டத்தில் பெற்றோரின் விருப்பம் இறுதியானதல்ல. குழந்தையின் நலனே தலையாயது. மருத்துவமனையும் பெற்றோரும் உடன்படாதபோது முடிவு நீதிமன்றத்துக்குப் போகிறது. உயர் நீதிமன்ற நீதிபதி பிரான்சிஸ் 2017 ஏப்ரல் 11 அன்று வென்டிலேட்டரை அகற்ற அனுமதித்தார். குழந்தைக்குக் கடும் தீங்கு நேரும் என்றால் மட்டுமே நீதிமன்றம் தலையிடலாம் என்ற பெற்றோரின் வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் தீர்ப்பை மாற்றவில்லை.

ஜூலையில் எடுத்த ஸ்கேனில் தசைச் சிதைவு மீளாத கட்டத்தை எட்டியிருந்தது தெரிந்ததும் பெற்றோர் வழக்கைக் கைவிட்டனர். வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்ற அவர்களது வேண்டுகோளும் நிறைவேறவில்லை. முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 28 அன்று, அந்திமகாலப் பராமரிப்பு இல்லமொன்றில் சார்லி இறந்தான். நீதிமன்றங்கள் ஏற்காத அந்தக் கடுந்தீங்கு அளவுகோலைச் சட்டமாக்கக் கோரிப் பெற்றோர் பின்னர் இயக்கம் நடத்தினர்.