ஜாப்சேயில் நூடுல்ஸ் சேர்ந்த வரலாறு

கொரியாவில் திருமணம், அறுபதாம் ஆண்டு நிறைவு, அறுவடைத் திருநாளான சூசக் ஆகியவற்றின் விருந்துகளில் தவறாது இடம்பெறும் ஜாப்சே, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்தால் ஆன பளபளப்பான நூடுல்ஸுடன் காய்கறிகள், காளான், மாட்டிறைச்சி ஆகியவற்றை வதக்கிச் சோயா சாஸும் எள்ளெண்ணெயும் விட்டுக் கலக்கும் உணவாகவே இன்று அறியப்படுகிறது. எனினும் நானூறு ஆண்டுப் பழமை கொண்ட இவ்வுணவில் நூடுல்ஸ் சேர்ந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே இதன் அடையாளத்தை நூடுல்ஸில் அன்று, ஒவ்வொரு காயையும் தனித்தனியே வதக்கி இறுதியில் ஒன்றாக்கும் முறையிலேயே காண வேண்டும்.

ஜோசன் அரச மரபைச் சேர்ந்த குவாங்ஹேகுன் 1608 முதல் 1623 வரை ஆண்ட காலத்தில், யி சுங் என்னும் அதிகாரி தம் வீட்டில் சமைத்த அரிய உணவுகளை அரசருக்கு அனுப்பி அவருடைய நன்மதிப்பைப் பெற்று, நிதித்துறை அமைச்சராக உயர்ந்ததாக அரசவைக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. அவ்வுணவுகளுள் ஜாப்சேயும் ஒன்று என்பதால், மக்கள் அவரை 'ஜாப்சே அமைச்சர்' என்று எள்ளினர். அந்நாளில் அது காய்கறிக் கலவையையே குறித்தது.

அக்கலவையின் செய்முறையைத் தெளிவாக அறிய உதவுவது, 1670 அளவில் ஜாங் கியே ஹியாங் என்னும் பெண்மணி தம் முதுமையில் கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதிய 'உம்சிக் திமிபாங்' என்னும் சமையல் நூலாகும். வெள்ளரி, முள்ளங்கி, காளான் வகைகள், முளைகட்டிய பச்சைப்பயறு, பெரணித் தளிர், கத்தரிக்காய் என நீளும் பட்டியலிலுள்ளவற்றை ஓரங்குல அளவில் நறுக்கி, எண்ணெயும் சோயா சாஸும் சேர்த்துத் தனித்தனியே வதக்கி, ஃபெசன்ட் என்னும் காட்டுப் பறவையின் இறைச்சியை மெல்லிய நாராகக் கிழித்துச் சேர்த்து, கோதுமை மாவிட்டுக் கெட்டியாக்கிய குழம்பை மேலே ஊற்றுமாறு அவர் எழுதுகிறார். எல்லாக் காய்களும் வேண்டுமென்பதில்லை, கிடைத்தவற்றைக் கொண்டு செய்யலாம் என்று அவர் இடந்தருவது, நூலின் மிகச் சிறந்த பகுதி எனலாம். ஏனெனில் அது அடுக்களையில் நின்று பழகியவரின் சொல். அந்நூலில் மிளகாய் இல்லை. பிற்காலத்தில் கொரியச் சமையல் மிளகாயால் சிவந்தபோதும் ஜாப்சே பெரும்பாலும் அக்காரத்தை ஏற்கவில்லை.

நூடுல்ஸின் வருகைக்கு இரண்டு செய்திகள் அடிப்படையாயின. 1763இல் ஜப்பானுக்குத் தூது சென்ற ஜோ ஓம், சுஷிமா தீவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொரியாவுக்கு அனுப்பினார். மற்றொன்று, டாங்மியோன் எனப்படும் மாவுச்சத்து நூடுல்ஸ் செய்யும் கலை. இது சீனரிடமிருந்து வந்தது. ஜப்பானிய ஆட்சிக் காலமான 1919இல் ஹ்வாங்ஹே மாகாணத்துச் சாரிவோன் நகரில் டாங்மியோன் ஆலை எழுந்தபின், உலர்ந்த நிலையில் நெடுநாள் கெடாத இந்நூடுல்ஸ் பரவலாகக் கிடைக்கத் தொடங்கி, 1930களுக்குப் பின் ஜாப்சேயின் நிலையான உறுப்பாயிற்று. பல காய்களும் இறைச்சியும் செலவு மிகுந்தவையாக இருந்த வீடுகளில், விருந்தினர் பலருக்கும் போதுமான அளவைக் குறைந்த செலவில் தந்தமையே இம்மாற்றம் நிலைத்ததற்கு முதற்காரணம் எனக் கொள்வது பொருந்தும். 1953இல் பூசானில் சர்க்கரை ஆலை தொடங்கியது போன்ற, கொரியப் போருக்குப் பிந்திய தொழில் வளர்ச்சி, இன்றைய ஜாப்சேயின் இனிப்புச் சுவைக்கும் வழிவகுத்தது.

வீட்டுச் சமையலில் பழைய முறை இன்னும் உயிர்ப்புடன் உள்ளது. டாங்மியோனை நீரில் ஊறவைத்து, கண்ணாடி போல் தெளியும்வரை வேகவைத்து வடித்து, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு எண்ணெயும் சோயா சாஸும் புரட்டி வைப்பர். பசலை வகைக் கீரையை வெந்நீரில் ஒரு கணம் இட்டெடுத்துப் பிழிவர். கேரட், வெங்காயம், காளான், இறைச்சி ஆகியவற்றை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்கு என்னும் வரிசையில் தனித்தனியே வதக்குவர். இதனால் ஒன்றின் நிறம் மற்றொன்றில் ஏறாது, ஒவ்வொன்றும் தன் பதத்தில் வேகும். வறுத்த எள்ளில் ஆட்டுவதால் கொரிய எள்ளெண்ணெய்க்கு நம் செக்கு நல்லெண்ணெயினும் மணம் மிகுதி. அதனை அடுப்பை அணைத்தபின் சிறிதளவே சேர்க்க வேண்டும். ஆறியபின் மாவுச்சத்து இறுகுவதால் மறுநாள் விறைக்கும் நூடுல்ஸ், வாணலியில் மீண்டும் சூடேற்றினால் நெகிழும்.

எல்லாவற்றையும் ஒரே சட்டியிலிட்டு விரைவில் முடிக்கும் முறை இப்போது பரவி வருகிறது. அது நேரத்தை மிச்சப்படுத்தினாலும், 1670 அளவில் எழுதப்பட்ட செய்முறையின் உயிர்நாடியைக் கைவிடுகிறது. நூடுல்ஸ் இல்லாமல், காய்களைத் தனித்தனியே வதக்கிக் கலந்த உணவே வரலாற்று நோக்கில் அதைவிட ஜாப்சேக்கு நெருக்கமானது.